கோச் ஓய்வில்லாமல் ஆட வைத்தால் ஆட்டக்காரரின் ஆடும் காலம் குறையுமா?

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கிறார். மகள் பதினொன்றாம் வகுப்பு, பதினாறு வயது, பள்ளிக் கூடைப்பந்து அணியின் முதல் ஆள். குறுவட்டப் போட்டியில் ஒரே நாளில் மூன்று மேட்ச் ஆடியிருக்கிறாள். மூன்றிலும் ஒரு நிமிடம்கூட வெளியே உட்காரவில்லை. இரண்டு மாதமாக முழங்கால் சிப்பிக்குக் கீழே வலி. "அமெரிக்காவுலயே கோச்சுங்க ஸ்டார் பிளேயருங்கள போட்டுப் பிழிஞ்சு சீக்கிரமா முடிச்சுடறாங்கன்னு படிக்கிறேன். உண்மைதானா? எங்க பி.டி. சார்கிட்ட நான் என்ன சொல்றது? அடுத்த மாசம் மாநில அணி செலக்‌ஷன் வேற இருக்கு, அனுப்பலாமா?" இதுதான் அவருடைய கேள்வி.

நான் புதுச்சேரியில் விளையாட்டுக் காயங்களைப் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட். உப்பளம் மைதானத்தில் கூடைப்பந்து ஆடி வளர்ந்தவன் என்பதால் இந்தக் கேள்வி எனக்கு வெறும் தொழில் விஷயமாகப் படவில்லை. முதலில் நேரடியான பதில்: நட்சத்திர ஆட்டக்காரர்களை அளவுக்கு மீறி ஆட வைக்கும் கோச்சுகள் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் மேட்ச்சில் அதிக நிமிடம் ஆடியதாலேயே ஒருவருடைய காலம் குறைந்தது என்று சொல்ல ஆதாரம் அவ்வளவு வலுவாக இல்லை. காலத்தை நிச்சயமாகக் குறைப்பவை வேறு இரண்டு. ஒன்று, உடம்பு வலியாகக் காட்டிய எச்சரிக்கையை மீறிக் களத்தில் இறக்குவது. இன்னொன்று, ஒரு வாரத்தில் அந்த உடம்பு மொத்தம் எவ்வளவு உழைத்தது என்று எவருமே கூட்டிப் பார்க்காதது. உங்கள் மகள் விஷயத்தில் இரண்டுமே நடந்துகொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன்.

நீங்கள் படித்தது பெரும்பாலும் டெரிக் ரோஸ் கதையாக இருக்கும். கோச்சைக் குறை சொல்ல வருபவர்கள் எல்லாரும் அங்கேதான் ஆரம்பிப்பார்கள். சிகாகோ புல்ஸ் அணியின் பாயின்ட் கார்ட், அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்தும் ஆள். 2011-ல், 22 வயதில், என்.பி.ஏ. என்ற அமெரிக்கக் கூடைப்பந்து லீகின் வரலாற்றிலேயே மிக இளைய எம்.வி.பி. (சீசனின் சிறந்த ஆட்டக்காரர்) ஆனவர். அடுத்த ஆண்டு, 2012 ஏப்ரல் 28, பிளே-ஆஃப் (சீசன் முடிவில் கோப்பைக்காக நடக்கும் சுற்றுகள்) முதல் சுற்றின் முதல் மேட்ச். சிகாகோ 12 புள்ளி முன்னிலை, ஆட்டம் முடிய ஏறக்குறைய 1 நிமிடம் 20 விநாடிதான் பாக்கி. ரோஸ் இன்னும் களத்தில்தான் இருந்தார். உள்ளே புகுந்து இரண்டு காலையும் ஊன்றி எழும்பியபோது இடது முழங்காலை உள்ளே பிடித்து நிறுத்தும் ஏ.சி.எல். என்ற தசைநார் கிழிந்தது. அடுத்த சீசன் முழுவதும் போயிற்று. திரும்பி வந்த 2013 நவம்பரில் வலது முழங்காலில் மெனிஸ்கஸ் என்ற குருத்தெலும்பு கிழிந்தது. பழைய ரோஸ் பிறகு வரவேயில்லை.

கோச் டாம் திபடோ. "12 புள்ளி முன்னிலையில் அவரை ஏன் உட்கார வைக்கவில்லை?" என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். எதிரணி புள்ளியைக் குறைத்துக்கொண்டு வந்தது என்பது அன்று அவர் சொன்ன காரணம். நியாயமான கேள்விதான், ஆனால் அந்த 80 விநாடியிலேயே நின்றுவிட்டால் முக்கியமான விஷயம் தப்பிப் போகும். அந்த சீசன் உரிமையாளர்களுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் நடந்த ஒப்பந்தத் தகராறால் தாமதமாகி, கிறிஸ்துமஸ் அன்று தொடங்கி, 66 மேட்ச்களை நான்கு மாதத்தில் திணித்த சீசன். ரோஸ் அதில் ஆடியது 39 மட்டும். கால்விரல், முதுகு, தொடையிடுக்கு, கணுக்கால் என்று வரிசையாகக் காயம். உடம்பு அந்த நான்கு மாதமும் பேசிக்கொண்டேதான் இருந்தது. அதே நாளில், வேறொரு ஊரில், வேறொரு கோச்சின் கீழ் ஆடிய நியூயார்க் வீரர் இமான் ஷம்பர்ட்டுக்கும் ஏ.சி.எல். கிழிந்தது. கோச்சை மட்டும் பார்ப்பவர் அட்டவணையைப் பார்க்க மறந்துவிடுகிறார்.

இதில் என்னை யோசிக்க வைத்தது பின்னால் நடந்தது. ரோஸ் 2018-ல் மினசோட்டாவிலும் 2021-ல் நியூயார்க்கிலும் அதே திபடோவிடம் போய் ஆடினார். 2018 அக்டோபர் 31 அன்று அவர் ஒரே மேட்ச்சில் 50 புள்ளி அடித்தபோது பெஞ்சில் கோச்சாக இருந்தவரும் திபடோதான். தன் காலத்தை அழித்தவர் என்று அவர் நினைத்திருந்தால் அப்படிப் போயிருக்க மாட்டார்.

அதே திபடோவின் கீழ் ஆடிய மற்றவர்களையும் பார்க்க வேண்டும். லுவோல் டெங் 2011-12, 2012-13 இரண்டு சீசனிலும் லீகிலேயே ஒரு மேட்ச்சுக்கு அதிக நிமிடம் ஆடியவர். ஜிம்மி பட்லர் 2014 ஜனவரியில் மூன்று ஓவர்டைம் போன ஒரு மேட்ச்சில் 60 நிமிடம் ஆடினார். அந்த பட்லர்தான் 2020-லும் 2023-லும் மயாமி அணியை இறுதிச் சுற்றுக்குக் கொண்டு போனார். ஒரே கோச், ஒரே மாதிரிச் சுமை, ஆனால் வெவ்வேறு முடிவுகள்.

இன்னும் பின்னால் போனால் வில்ட் சேம்பர்லின் 1961-62 சீசனில் ஒரு மேட்ச்சுக்குச் சராசரி 48.5 நிமிடம் ஆடினார். என்.பி.ஏ. மேட்ச்சே 48 நிமிடம்தான். ஓவர்டைமும் சேர்ந்ததால் அந்த எண். அவர் 1973 வரை ஆடினார். லெப்ரான் ஜேம்ஸ் பதினெட்டு வயதில் வந்து, வருடா வருடம் மலை போல நிமிடங்களைச் சேர்த்து, நாற்பது வயதைத் தாண்டியும் ஆடுகிறார். மறுபுறம் கிரெக் ஓடன். என்.பி.ஏ. அணிகள் புது ஆட்டக்காரர்களை எடுக்கும் தேர்வில் 2007-ல் முதல் ஆளாகத் தேர்வானவர். முதல் மேட்ச் ஆடும் முன்பே முழங்கால் அறுவை சிகிச்சை. மொத்தமாகவே 105 மேட்ச்தான் ஆடினார். அவரை எந்தக் கோச்சும் பிழியவில்லை, பிழிய ஆளே கிடைக்கவில்லை.

லெப்ரானையும் சேம்பர்லினையும் காட்டி "பாருங்க, ஒண்ணும் ஆகல" என்று சொல்பவர்களிடமும் ஜாக்கிரதையாக இருங்கள். தாங்கியவர்களைத்தான் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். தாங்காமல் இருபது வயதில் வீட்டுக்குப் போனவர்களின் பெயர் பட்டியலிலேயே வராது. நம் ஊரில் அது இன்னும் அதிகம்.

ஓய்வு கொடுப்பதில் உலகுக்கே முன்மாதிரி சான் அன்டோனியோ அணியின் கோச்சாக இருந்த கிரெக் போபோவிச். 2012 நவம்பர் 29 அன்று மயாமியில் மேட்ச் இருக்க, டிம் டங்கன், டோனி பார்க்கர், மனு ஜினோபிலி, டேனி கிரீன் நால்வரையும் விமானம் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார். லீக் அந்த அணிக்கு 2,50,000 டாலர் அபராதம் போட்டது. அவர் மாறவில்லை. 2013-14 சீசனில் அவருடைய அணியில் ஒருவர்கூடச் சராசரி 30 நிமிடத்தை எட்டவில்லை, கோப்பையும் அவர்களுக்குத்தான். டங்கனும் ஜினோபிலியும் 40 வயது வரை ஆடினார்கள். பெஞ்சில் நல்ல ஆள் இருந்ததால்தான் அது முடிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பத்துப் பேரை ஆட வைக்கத் தெரிந்த கோச்சுக்கு ஒருவரைப் பிழிய வேண்டிய அவசியமே வராது. இந்த விஷயத்தில் நான் போபோவிச் பக்கம்.

ஆனாலும் 2024 ஜனவரியில் என்.பி.ஏ. தன் அணிகளுக்கு அனுப்பிய ஆய்வறிக்கை, ஓய்வுக்காக மேட்ச்களைத் தவிர்த்த ஆட்டக்காரர்களுக்குப் பின்னால் காயம் குறைந்ததாகத் தெரியவில்லை என்றது. லீகுக்கு நட்சத்திரங்கள் ஆடினால்தான் டிக்கெட் விற்கும். பெரிய விருதுகளுக்கு 65 மேட்ச் ஆடியிருக்க வேண்டும் என்று விதி போட்டிருந்ததும் அவர்கள்தான். அதனால் அந்த அறிக்கையை அப்படியே விழுங்க வேண்டியதில்லை. தவிர, ஓய்வு கொடுக்கப்பட்டவர்களில் பலர் ஏற்கெனவே பலவீனமான கால் உள்ளவர்கள். ஆனால் ஒன்று புரிகிறது: இங்கொன்று அங்கொன்றாக ஒரு மேட்ச்சை விடுவது மருந்து ஆகாது.

இனி, காலத்தைக் குறைப்பது எது என்று நான் நம்புவதற்கு வருகிறேன். பில் வால்டன், போர்ட்லாண்ட் அணி, 1978. அந்த சீசனின் முதல் 60 மேட்ச்களில் 50 வெற்றி, அவர்தான் அந்த ஆண்டின் எம்.வி.பி. பாதத்தில் வலி வந்து வெளியே இருந்தவரை பிளே-ஆஃபுக்கு இறக்கினார்கள். வலி தெரியாமலிருக்க ஊசி போட்டுக்கொண்டு ஆடினார். பிறகு எக்ஸ்-ரே எடுத்தால் பாதத்தின் நடுவில் உள்ள நாவிகுலர் எலும்பு முறிந்திருந்தது. அடுத்த சீசன் முழுக்க ஆடவில்லை. 1974 முதல் 1987 வரை நீண்ட வாழ்க்கையில் அவர் ஆடிய மொத்த மேட்ச் 468; முழு சீசனுக்கு 82 மேட்ச் என்று வைத்தால் ஆறு சீசன்கூட நிறையாது. வலி என்பது வண்டியில் எரியும் சிவப்பு விளக்கு. பல்பைக் கழற்றிவிட்டு எஞ்ஜினை ஓட்டினார்கள்.

அதே போர்ட்லாண்டில் பிராண்டன் ராய். 2010 ஏப்ரலில் மெனிஸ்கஸ் அறுவை சிகிச்சை, எட்டே நாளில் பிளே-ஆஃபில் களம் இறங்கினார். அரங்கமே எழுந்து நின்று கத்தியது. 2011 டிசம்பரில், 27 வயதில், முழங்காலில் குருத்தெலும்பு தேய்ந்துபோய் ஓய்வை அறிவித்தார். கெவின் டூரன்ட் 2019 இறுதிச் சுற்றில் கெண்டைக்கால் தசைக் காயத்தோடு ஒரு மாதம் வெளியே இருந்துவிட்டு ஐந்தாவது மேட்ச்சில் இறங்கினார். இரண்டாவது குவார்ட்டரில் குதிகால் நாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) அறுந்தது. 2025 ஜூன் 22 அன்று டைரீஸ் ஹாலிபர்ட்டனுக்கு இறுதிச் சுற்றின் ஏழாவது மேட்ச்சில் கிட்டத்தட்ட அச்சு அசலாக அதே கதை: கெண்டைக்கால் காயம், ஆடியே தீருவேன் என்ற பிடிவாதம், குதிகால் நாண். மறுபடி வாய்ப்பு வந்தாலும் ஆடுவேன் என்றுதான் அவர் பிறகு எழுதினார். கோபி பிரயன்ட் 2013 ஏப்ரல் 10 அன்று 34 வயதில் 48 நிமிடமும் உட்காராமல் ஆடி 47 புள்ளி அடித்தார். இரண்டே நாளில் குதிகால் நாண் அறுந்தது. அந்த நாட்களில் வெளியே உட்கார மறுத்தவர் பெரும்பாலும் அவரேதான்.

இந்தக் கதைகளில் எல்லாம் கோச் இருக்கிறார், ஆனால் தனியாக இல்லை. ஆட்டக்காரரின் ஆசை, டாக்டரின் கையெழுத்து, கூட்டத்தின் கூச்சல், எல்லாம் சேர்ந்துதான் அந்தக் காலைக் களத்தில் வைக்கின்றன. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு: ஆட்டக்காரர் "நான் ஆடுவேன்" என்றுதான் சொல்வார். அதற்குத்தான் அவர் பிறந்திருக்கிறார். "இல்லை, உட்கார்" என்று சொல்ல அதிகாரமும் கடமையும் உள்ள ஆள் கோச். அதைச் சொல்லாதவரைத்தான் நான் குற்றம் சொல்வேன், அதிக நிமிடம் கொடுத்தவரை அல்ல.

யாவ் மிங் கதையை வேண்டுமென்றே தனியாக வைத்தேன், ஏனென்றால் அதுதான் நம் ஊருக்கு மிகப் பக்கம். சீன ஆட்டக்காரர், உயரம் 7 அடி 6 அங்குலம். 2002-ல் என்.பி.ஏ.வின் ஹூஸ்டன் அணிக்கு வந்து முதல் மூன்று சீசனில் இரண்டே மேட்ச்தான் தவறவிட்டார். சீசன் முடிந்தால் மற்றவர்கள் ஓய்வெடுப்பார்கள். அவர் சீன தேசிய அணிக்குப் போவார். 2008 தொடக்கத்தில் பாதத்தில் அழுத்த முறிவு, அதாவது ஓயாத அழுத்தத்தால் எலும்பில் வரும் விரிசல். அந்த ஆகஸ்டில் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஆடினார். 2009 பிளே-ஆஃபில் பாதம் மறுபடி விரிசல் விட்டது. 2011-ல், 30 வயதில் விடைபெற்றார். ஹூஸ்டன் கோச் தன் பங்கைத்தான் கேட்டார், தேசிய அணி கோச்சும் தன் பங்கைத்தான் கேட்டார். இரண்டு பங்கையும் கொடுத்தது ஒரே பாதம்.

இதையே நம் பிள்ளைகளுக்கு வைத்துப் பாருங்கள். பள்ளி அணிக்குக் குறுவட்டம், வருவாய் மாவட்டம், மண்டலம், மாநிலம். அதற்குப் பக்கத்திலேயே குடியரசு தினப் போட்டி, பாரதியார் தினப் போட்டி. முதலமைச்சர் கோப்பை தனி. மாவட்டக் கழக அணிக்கு 16 வயதுப் பிரிவு, 18 வயதுப் பிரிவு. நன்றாக ஆடும் பெண் என்றால் வயது குறைந்தவளையும் மூத்த பிரிவில் இறக்கிவிடுவார்கள். இடையில் கிளப் டோர்னமென்ட், நெய்வேலியில் ஒன்று, பாண்டியில் ஒன்று. மே மாதம் அக்னி நட்சத்திர வெயிலில் கோடைப் பயிற்சி முகாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு சார், ஒரு மாஸ்டர், ஒரு செயலாளர். ஒவ்வொருவரும் "என் டீமுக்கு ரெண்டு மணி நேரம்தானே" என்று உண்மையாகவே நினைக்கிறார்கள். மொத்தத்தைக் கூட்டுகிற ஆள் யாரும் கிடையாது.

நீங்கள் எழுதியதை வைத்து நான் கூட்டிப் பார்த்தேன். காலையில் பள்ளியில் ஒன்றரை மணி நேரம், வாரம் ஆறு நாள்: 9 மணி. மாலையில் மஞ்சக்குப்பம் அண்ணா விளையாட்டரங்கில் இரண்டு மணி நேரம், ஐந்து நாள்: 10 மணி. மொத்தம் 19, ஞாயிற்றுக்கிழமை நட்பு மேட்ச் இருந்தால் அதற்கும் மேலே. இளம் விளையாட்டு வீரர்களைத் தொடர்ந்து ஆராய்ந்த டாக்டர் நீரு ஜெயந்தியின் குழு ஒரு எளிய அளவைக் கண்டது: தன் வயதின் எண்ணிக்கையைவிட அதிக மணி நேரம் வாரத்தில் பயிற்சி செய்யும் பிள்ளைகளுக்குக் கடுமையான அதிஉழைப்புக் காயம் கூடுதலாக வருகிறது. பதினாறு வயதுக்கு 16 மணி. உங்கள் மகள் அதை மேட்ச் ஆடாத வாரத்திலேயே தாண்டிவிடுகிறாள். அவளுக்கு வலி வந்தது குறுவட்டப் போட்டியின் மூன்று மேட்ச்சால் மட்டும் இல்லை. ஏற்கெனவே நிரம்பியிருந்த காலில் அந்த மூன்று மேட்ச் விழுந்தது.

சிப்பிக்குக் கீழே உள்ள நாணில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் இது புரியும். கடுமையாகக் குதித்து ஓடிய பிறகு முதல் ஒன்றரை நாள் நாணின் கொலாஜன் இழைகள் கட்டப்படுவதைவிட அதிகம் சிதைகின்றன. அதன் பிறகே கட்டுமானம் முந்துகிறது; அது மூன்று நாள் வரைகூட நீடிக்கும். அந்த இடைவெளி கிடைத்தால் நாண் முன்பைவிடப் பலமாகும். தினமும் காலை, மாலை குதித்தால் சிதைவு மட்டுமே சேர்ந்துகொண்டு போகும். உயர்மட்டக் கூடைப்பந்து ஆட்டக்காரர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்த வலி உண்டு என்று நார்வேயில் செய்த ஆய்வு சொல்கிறது. ஆங்கிலத்தில் இதற்குப் பெயரே குதிப்பவர் முழங்கால். நம் பள்ளிகளில் பெரும்பாலும் சிமென்ட் தரை. ஷூவின் அடி வழவழவென்று தேய்ந்த பிறகும் அதே ஷூதான். மரத்தரையில் ஆடும் பிள்ளையைவிட நம் பிள்ளைக்கு ஓய்வு அதிகம் வேண்டும், கிடைப்பதோ குறைவு.

பெண் பிள்ளை என்பதால் இன்னும் இரண்டு விஷயம். தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019-21 கணக்கில் 15 முதல் 19 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. காலை ஆறு மணிக்கு டீயும் ரெண்டு பிஸ்கட்டும் சாப்பிட்டுவிட்டு ஒன்றரை மணி நேரம் ஓடுகிற பெண்ணுக்கு அது இருக்க வாய்ப்பு அதிகம். ஹீமோகுளோபின் ஒருமுறை பார்த்துவிடுங்கள், பெரிய செலவில்லை. மாதவிலக்கு மூன்று மாதத்துக்கு மேல் நின்றிருந்தால் அதைச் சாதாரணமாக விடாதீர்கள். உழைப்புக்கு ஏற்ற சாப்பாடு இல்லை என்பதற்கு அது அடையாளம், எலும்பில் அழுத்த முறிவு வரும் வழியும் அதுதான். உங்களிடம் சொல்லக் கூச்சப்படுவாள், அம்மாவைக் கேட்கச் சொல்லுங்கள். இரண்டாவது தூக்கம். எட்டு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கும் வளர்பருவ ஆட்டக்காரர்களுக்குக் காயம் 1.7 மடங்கு அதிகம் என்று 2014-ல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. டியூஷன் முடித்து இரவு பதினொன்றுக்குப் படுத்து, ஐந்துக்கு எழுந்தால் ஆறு மணி நேரம். இதை எந்தக் கோச் மேலும் போட முடியாது.

பி.டி. சாரைப் பற்றி. அவரை வில்லனாக்கிக்கொண்டு போய்ப் பேசாதீர்கள். அவருக்கு அணியில் பன்னிரண்டு பெயர் இருக்கும், ஆடத் தெரிந்தவர் ஐந்து பேர் இருப்பார்கள். "அவள உக்கார வெச்சா தோத்துடுவோம் சார்" என்று அவர் சொன்னால் அது பொய்யாக இருக்காது. தோற்றால் அவருக்கு மட்டும் நஷ்டமில்லை. மற்ற பதினொரு பெண்களுக்கும் சர்டிபிகேட் கைவிட்டுப் போகும். தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடம், அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு என்று இருக்கும்போது, அந்தக் காகிதத்துக்காகக் குடும்பங்களே சாரை நெருக்குகின்றன. இங்கே புதுச்சேரியில் சென்டாக் என்ற கல்லூரிச் சேர்க்கைக் கலந்தாய்வு நேரம் நெருங்கினால் இதே கதைதான். பிள்ளைக்கு வலி என்று என்னிடம் கூட்டிவரும் பெற்றோர் முதலில் கேட்பது "எப்ப குணமாகும்?" என்று இல்லை, "ஞாயித்துக்கிழம மேட்ச்சுக்கு ரெடி பண்ணிடலாமா?" என்று. இதைச் சொல்வது குத்திக்காட்ட இல்லை. அந்த ஒதுக்கீடு பல குடும்பங்களின் தலையெழுத்தை மாற்றியிருக்கிறது. ஆனால் கோச் மட்டும்தான் பிழிகிறார் என்று நாம் சொல்லிக்கொள்ள முடியாது.

அதனால் சாரிடம் "ஓய்வு கொடுங்க" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். அதற்கு அவர் "சரிங்க" என்பார், எதுவும் மாறாது. ஒரு நோட்டு போட்டுக்கொண்டு போங்கள். ஒவ்வொரு நாளும் எத்தனை நிமிடம் ஆடினாள், எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று அவளே பத்துக்கு ஒரு மதிப்பெண் போடட்டும். இரண்டையும் பெருக்குங்கள். 90 நிமிடம், கஷ்டம் 6 என்றால் 540. வாரக் கடைசியில் கூட்டுங்கள். பெரிய கிளப்புகளே நாடுவது இந்த முறையைத்தான். இந்த வார எண் போன வாரத்தைவிடத் திடீரென்று எகிறினால் அதுதான் ஆபத்து. இந்த நோட்டைக் காலை சாரும் மாலை மாஸ்டரும் இருவருமே பார்க்க வேண்டும். முடிந்தால் இருவரையும் போனில் ஒருமுறை பேச வையுங்கள். நான் பார்த்த வரையில் மற்றவர் என்ன பயிற்சி கொடுக்கிறார் என்று தெரியாமல்தான் பெரும்பாலான கோச்சுகள் கூடுதலாக ஓட விடுகிறார்கள். தெரிந்தால் அவர்களாகவே குறைக்கிறார்கள்.

சாரிடம் இரண்டு விஷயம் மட்டும் கேளுங்கள். 15 புள்ளிக்கு மேல் முன்னிலை வந்தால் அவளை உட்கார வைத்துவிட்டு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியை இறக்கச் சொல்லுங்கள். அடுத்த வருடத்துக்கு அவருக்கே ஆள் தயாராகும். இன்னொன்று வார்ம்-அப். சிகாகோ அரசுப் பள்ளிகளில் பெண்கள் அணிகளின் கோச்சுகளுக்கு 2 மணி நேரப் பயிற்சி கொடுத்து, ஒவ்வொரு பயிற்சிக்கு முன்பும் 20 நிமிடம் சமநிலை, தரையிறங்கும் முறை, தொடைப் பலம் எல்லாம் சேர்ந்த வார்ம்-அப் செய்ய வைத்தார்கள். கால் காயங்கள் தெளிவாகக் குறைந்தன. இந்த மாதிரி வார்ம்-அப் ஏ.சி.எல். கிழிவதைப் பாதியளவு தடுக்கும் என்று பல ஆய்வுகள் சேர்ந்து சொல்கின்றன. பெண்களுக்கு ஏ.சி.எல். ஆபத்து ஆண்களைவிடப் பல மடங்கு என்பதால் இது அவர்களுக்கு இன்னும் அவசியம். இரண்டு ரவுண்டு ஓடிவிட்டு நேராக லே-அப் போடுவதை வார்ம்-அப் என்று சொல்லும் வழக்கம் நம் பக்கத்தில் இன்னும் போகவில்லை.

ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு வெளிநாட்டை ஏன் பார்க்க வேண்டும்? சென்னையின் அனிதா பால்துரை பதினெட்டு ஆண்டுகள் இந்திய அணிக்கு ஆடினார். ஒன்பது ஆசியச் சாம்பியன்ஷிப், இந்திய அணியின் கேப்டன், குழந்தை பெற்ற பிறகும் திரும்பி வந்த ஆட்டம், 2021-ல் பத்மஸ்ரீ. உங்கள் மகளிடம் இவரைப் பற்றிச் சொல்லுங்கள். பதினாறு வயதில் ஒரு மாநிலத் தேர்வு பெரிய விஷயமாகத் தெரியும். இவ்வளவு நீளமான பாதையில் அது எங்கே இருக்கிறது என்று அவளே பார்த்துக்கொள்வாள்.

இனி அந்தத் தேர்வுக்கு அனுப்பலாமா என்பது. முதலில் ஒரு எலும்பு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். கோரிமேடு ஜிப்மர் உங்களுக்கு எட்டும் தூரம்தான். கட்டு வைத்தியத்துக்கு இப்போது போக வேண்டாம், இது உடைந்த எலும்பு இல்லை. கணைக்கால் எலும்பிலோ பாதத்தின் மேல்பக்கத்திலோ விரலால் தொட்டுக் காட்டும்படி ஒரே புள்ளியில் வலி இருந்தாலோ, இரவில் வலித்தாலோ, முழங்கால் வீங்கினாலோ, மடக்கிவிட்டது போல நழுவினாலோ தேர்வைப் பற்றிப் பேசவே வேண்டாம். அப்படி எதுவும் இல்லை, சிப்பிக்குக் கீழே மட்டும்தான் என்றால் இன்று முதல் இரண்டு வாரம் மாலைப் பயிற்சியை முழுவதுமாக நிறுத்துங்கள். காலைப் பயிற்சியில் ஷூட்டிங், பாஸிங் செய்யட்டும். குதிப்பதும் கோடு தொட்டு ஓடுவதும் வேண்டாம். தினமும் சுவரில் சாய்ந்து நாற்காலியில் உட்காருவது போல 45 விநாடி, ஐந்து முறை, நடுவில் இரண்டு நிமிட இடைவெளியோடு செய்யட்டும். முழு ஓய்வு எடுத்துக் கட்டிலில் கிடந்தால் நாண் இன்னும் பலவீனமாகும், அதையும் செய்யாதீர்கள்.

மூன்றாவது வாரம் வலிக்கிற காலில் மட்டும் நின்று மெதுவாகப் பாதி உட்கார்ந்து எழச் சொல்லுங்கள். வலி பத்துக்கு மூன்றுக்குள் இருக்க வேண்டும். பிறகு பத்து முறை குதிக்கச் சொல்லிவிட்டு, மறுநாள் காலை மறுபடி கேளுங்கள். முந்தின நாளைவிட வலி கூடவில்லை என்றால் மூன்றாவது, நான்காவது வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் முழு ஆட்டம் ஆடி, தேர்வுக்கு முந்தைய இரண்டு நாள் ஓய்வெடுத்துவிட்டுப் போகட்டும். கூடியிருந்தால் இந்த வருடம் அனுப்பாதீர்கள், பன்னிரண்டாம் வகுப்பிலும் அதே தேர்வு நடக்கும். மருத்துவர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள், அவர் அந்தக் காலைத் தொட்டுப் பார்த்திருப்பார். வலி மாத்திரை போட்டுக்கொண்டோ ஸ்பிரே அடித்துக்கொண்டோ மட்டும் தேர்வில் இறங்க வேண்டாம் என்று அவளிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். அந்த யோசனையை யாராவது அவளுக்கு நிச்சயம் கொடுப்பார்கள்.